சொறியின் இரு படைகள்

இலங்கையின் ஈச்சிலம்பற்றுக் கரைவலையில் மீனோடு ஏறிவரும் சொறி என்ற ஜெலிமீனைக் குறுக்கே அரிந்தால் வெளியே ஒரு மெல்லிய கலப்படை, இரைப்பையைச் சுற்றி உள்ளே இன்னொன்று, நடுவில் இழுது. இவ்வளவுதான் அதன் உடல். ரட்டில்ஸ்னேக் கப்பலில் தென்கடல்களைச் சுற்றிய தாமஸ் ஹக்ஸ்லி, சொறியின் இந்த இரு படைகளும் முதுகெலும்புள்ள விலங்குகளின் முளையத்தில் முதலில் தோன்றும் படைகளுக்கு ஒப்பானவை என்று எழுதி அனுப்பினார். 1849இல் அது இலண்டனில் அச்சேறியது. கோழி முட்டையின் மஞ்சட்கரு மேல் கிடக்கும் சிறு வட்டில் வெளியே, நடுவே, உள்ளே என மூன்று படைகளை 1817இலேயே கிறிஸ்டியன் பாண்டர் கண்டிருந்தார். கடற்பிராணிக்கும் கோழிக்கும் உறவு உண்டென்ற எண்ணம் வேர்விட்டது இங்கேதான்.

அதை 1874இல் எல்லைவரை கொண்டுபோனவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். பலகல விலங்குகள் அனைத்துக்கும் மூதாதை இருசுவர்க் கிண்ணம் போன்ற ஓர் உயிரே என்றார். மஞ்சட்கரு மிகுந்த முட்டையின் முளையத்தில் அந்தக் கிண்ணம் எங்கே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. வெருகலாறாக ஈச்சிலம்பற்றுப் பக்கம் கடல் சேரும் மகாவலி ஆற்றின் மேற்பகுதியில், பேராதனையைத் தளமாக்கி, 1883 முதல் 1886 வரை சரசின் சகோதரமுறையினர் பவுலும் ஃபிரிட்ஸும் காலற்ற நீர்நில வாழியான இக்தியோபிஸை ஆராய்ந்தார்கள். ஈர மண்ணில் தாய் முட்டைக் குவியலைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். தவளை முட்டை முழுவதும் பிளவுபடுகிறது. இக்தியோபிஸ் முட்டையிலோ கோழியைப் போல ஒரு வட்டு மட்டுமே பிளக்கிறது. ஆயினும் படைகள் உருவாகத் தவறவில்லை. வழி மாறுவதால் உறவு பொய்யாவதில்லை. கடல்முள்ளெலியிலும் முதுகெலும்பிகளிலும் உட்படையை உருவாக்குவதில் ஒரே குடும்ப மரபணுக்கள் பங்கேற்பதும் இதற்குச் சான்று.

கனமான ஆட்சேபம் வேறு. தோலும் நரம்பும் புறப்படை, எலும்பும் தசையும் இடைப்படை என்று பிறகு விதி வகுத்தார்கள். 1893இல் ஜூலியா பிளாட், நெக்டூரஸ் என்ற நீர்நில வாழியின் தலைக் குருத்தெலும்பு புறப்படையிலிருந்து வருவதைக் காட்டினார். பலர் ஏற்க மறுத்தனர். பின்வந்த சோதனைகள் அவர் பக்கமே நின்றன. இதனால் படைகள் இல்லையென்று ஆகாது. ஒவ்வொரு படையின் தலைவிதியும் முன்பே எழுதப்பட்டது என்ற பிடிவாதம்தான் விழுகிறது. எலும்பு என்றாலே இடைப்படை என்று மாணவருக்கு எழுதிக்கொடுக்கும் பாடக்குறிப்பில், தாடை எலும்பு புறப்படையிலிருந்து வருவதையும் சேர்த்தாக வேண்டும்.