இலவச வைஃபையா, வீட்டு வைஃபையா... எதில் கவனம் அதிகம் தேவை?

கடைத்தொகுதியில் நண்பருக்காகக் காத்திருக்கிறீர்கள். இந்த மாதத் தரவு தீர்ந்துபோச்சு. கைத்தொலைபேசியில் 'இலவச வைஃபை' என்று ஒரு பெயர் தெரிகிறது. தட்டலாமா, வேண்டாமா?

"வெளியில இருக்கும்போது வைஃபையில பேங்க் பக்கம் போகாதே!" என்று அம்மாவோ அண்ணனோ எப்போதாவது சொல்லியிருப்பார்கள். அது தவறான அறிவுரை இல்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் கொஞ்சம் பழசு. ஆபத்து இப்போது வேறு இடங்களுக்கு நகர்ந்துவிட்டது. அவற்றில் ஒன்று, நம் வீட்டுக் காலணி அலமாரி மேல் விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

முன்பு ஏன் பயந்தோம்?

வைஃபை என்பது வானொலி அலை. நீங்கள் அனுப்பும் தகவல் நேராக ரவுட்டருக்கு மட்டும் போவதில்லை. சுற்றிலும் பரவும். மறைச்சொல் கேட்காத வைஃபையில் அந்த அலையைப் பக்கத்து மேசையில் இருப்பவரும் பிடிக்கலாம்.

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க மென்பொருள் நிபுணர் இதை உலகத்துக்கே காட்டினார். 'ஃபயர்ஷீப்' என்று ஒரு சின்ன மென்பொருளை ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக வெளியிட்டார். காப்பிக் கடையில் உட்கார்ந்து அதைத் திறந்தால் போதும். அதே வைஃபையில் ஃபேஸ்புக் பார்ப்பவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஒரு பெயரைத் தட்டினால் அவருடைய கணக்குக்குள்ளேயே போய்விடலாம். மறைச்சொல்கூடத் தேவையில்லை.

அது எப்படி? அப்போது பல தளங்கள் மறைச்சொல்லைத் தட்டும் பக்கத்தை மட்டும்தான் பூட்டி வைத்தன. உள்ளே போன பிறகு எல்லாம் திறந்தபடி போனது. தளங்களை வெட்கப்பட வைத்துத் திருத்துவதுதான் பட்லரின் நோக்கம்.

அது பலித்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக 'ஹெச்டிடிபிஎஸ்' முறைக்கு முழுமையாக மாறின. உங்கள் கைத்தொலைபேசியிலிருந்து அந்தத் தளம்வரை தகவல் பூட்டிய உறையில் போகும் முறை அது. இதைத்தான் மறையாக்கம் என்கிறார்கள். 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, பூட்டில்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று முத்திரை குத்தத் தொடங்கியது.

இன்று உங்கள் வங்கிச் செயலி, வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாம் பூட்டிய உறையில்தான் போகின்றன. பக்கத்து மேசைக்காரர் அலையைப் பிடித்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை வைஃபை நடத்துபவர் பெரும்பாலும் பார்க்கலாம். அங்கே என்ன தட்டுகிறீர்கள் என்பதைப் பார்க்க முடியாது. பொது வைஃபையைப் பயன்படுத்துவது பொதுவாகப் பாதுகாப்பானதே என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே இப்போது சொல்கிறது.

அப்ப பயமே வேண்டாமா?

அப்படியும் இல்லை. பூட்டை உடைக்க முடியாத திருடன் என்ன செய்வான்? சாவியை உங்களிடமே கேட்பான்.

வைஃபைக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம். பதிவு இல்லை, அனுமதி இல்லை. காப்பிக் கடையின் வைஃபை பெயரையே உங்கள் பக்கத்தில் இருப்பவர் தன் கருவிக்கும் வைக்கலாம். இதை ஆங்கிலத்தில் 'ஈவில் ட்வின்' என்பார்கள். அதாவது, தீய இரட்டையர். எது அசல், எது போலி என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இது. உள்நாட்டு விமானத்தில் சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்று தெரிவதாக 2024இல் விமான நிறுவன ஊழியர்கள் புகார் செய்தார்கள். விசாரித்த மத்தியக் காவல்துறை, 42 வயது ஆடவர்மீது குற்றஞ்சாட்டியது. பெர்த், மெல்பர்ன், அடிலெய்ட் விமான நிலையங்களிலும் விமானங்களிலும் போலி வைஃபை வைக்கப்பட்டதாகக் காவல்துறை கூறியது. இணைய முயன்றவர்களுக்கு ஒரு பக்கம் திறந்தது. மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கைக் கொண்டு நுழையச் சொன்னது. மக்கள் நம்பித் தட்டினார்கள். அந்த ஆடவருக்கு 2025இல் 7 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் ஹெச்டிடிபிஎஸ் பூட்டை உடைக்கத் தேவையே இருக்கவில்லை.

வயர்லஸ்@எஸ்ஜி எப்படி?

சிங்கப்பூரின் பொது வைஃபை சேவையான வயர்லஸ்@எஸ்ஜி 2006இல் தொடங்கியது. 'வயர்லஸ்@எஸ்ஜிஎக்ஸ்' என்று கடைசியில் 'எக்ஸ்' உள்ள பெயரை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த 'எக்ஸ்' முக்கியம். அதில் கைத்தொலைபேசிக்கும் வைஃபை கருவிக்கும் இடையே உள்ள அலையும் மறையாக்கம் செய்யப்படுகிறது. ஒருமுறை அமைத்துவிட்டால் அதுவாகவே இணையும். உங்களைப் பெயரும் மறைச்சொல்லும் கேட்டு ஒரு பக்கம் திறக்க வேண்டிய அவசியமில்லை. அப்படிக் கேட்டு ஒரு பக்கம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

வெளியில் இருக்கும்போது...

• நுழைவுப் பக்கம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். கைத்தொலைபேசி எண்ணைக் கேட்பது சகஜம். மின்னஞ்சலின் மறைச்சொல், சிங்பாஸ், வங்கி அட்டை எண் எல்லாம் கேட்டால் உடனே வெளியேறுங்கள். இலவச வைஃபைக்கு அவை தேவையே இல்லை.

• 'இந்தத் தளத்தின் சான்றிதழில் கோளாறு' என்று உலாவி எச்சரித்தால், 'பரவாயில்லை, தொடர்' என்று தட்டாதீர்கள். பூட்டு சரியில்லை என்று உலாவி சொல்லும் தருணம் அது.

• பூட்டு இருக்கிறது என்பதற்காகத் தளம் நேர்மையானது என்று ஆகிவிடாது. மோசடித் தளத்துக்கும் ஹெச்டிடிபிஎஸ் கிடைக்கும். முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

• ஒருமுறை இணைந்த வைஃபையைக் கைத்தொலைபேசி நினைவில் வைத்திருக்கும். அதே பெயர் வேறெங்காவது தெரிந்தால் உங்களைக் கேட்காமலே இணைந்துவிடலாம். ஹோட்டல், விமான நிலையம், ஜோகூர் பாரு கடை என்று இணைந்தவற்றைப் பயணம் முடிந்ததும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். தானாக இணையும் வசதியையும் அணையுங்கள்.

• பணம் அனுப்ப வேண்டுமா? ஒரு நிமிடம் வைஃபையை அணைத்துவிட்டுச் சொந்தத் தரவைப் பயன்படுத்துங்கள். அம்மா சொன்ன அறிவுரை இங்கே இன்னும் செல்லும்!

"நான் விபிஎன் வெச்சிருக்கேனே!"

நல்லது. ஆனால் எந்த விபிஎன்? விபிஎன் போட்டால் உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் அந்த நிறுவனத்தின் வழியாகப் போகிறது. காப்பிக் கடையை நம்பாமல் அந்த நிறுவனத்தை நம்புகிறீர்கள், அவ்வளவுதான். அந்த நிறுவனம் யார் என்று தெரியாவிட்டால்?

2024 மே மாதம் 35 வயது சீன நாட்டவர் ஒருவர் சிங்கப்பூரில் கைது செய்யப்பட்டார். '911 எஸ்5' என்ற கட்டமைப்பை நடத்தியதாக அமெரிக்க நீதித் துறை அவர்மீது குற்றஞ்சாட்டியது. 'மாஸ்க்விபிஎன்', 'டியூவிபிஎன்' போன்ற செயலிகள் மூலம் மக்களின் கணினிகளில் ஒரு ரகசிய வழி திறக்கப்பட்டதாம். அந்த வழியைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டதாகக் கூறப்பட்டது. ஏறக்குறைய 200 நாடுகளில் 19 மில்லியன் இணைய முகவரிகள் அதில் சிக்கியிருந்தன.

யோசித்துப் பாருங்கள். எங்கோ ஒருவர் செய்யும் மோசடி, உங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்து நடந்ததாகப் பதிவாகும். பாதுகாப்புக்காகப் போட்ட செயலியே வாசல் கதவைத் திறந்துவிடும். பெயர் தெரியாத இலவச விபிஎன்னைவிட, விபிஎன் இல்லாமல் இருப்பதே மேல்.

இனி, வீட்டு ரவுட்டர்

2016 அக்டோபர் 22, 24 ஆகிய நாள்களில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்கள் பலருக்கு வீட்டு இணையச் சேவை தடைபட்டது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தேடித் தரும் கணினிகளை யாரோ கோரிக்கைகளால் திணறடித்திருந்தார்கள்.

தாக்குதல் எங்கிருந்து வந்தது? வாடிக்கையாளர்களின் வீடுகளிலிருந்தேதான். அவர்கள் சொந்தமாக வாங்கி வைத்திருந்த ரவுட்டர், இணையக் கேமரா போன்ற கருவிகளில் கிருமி புகுந்திருந்ததாக நிறுவனம் பின்னர் தெரிவித்தது. உரிமையாளர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அதே காலகட்டத்தில் 'மிராய்' என்ற கிருமி உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. அதன் உத்தி ரொம்ப எளிது. தொழிற்சாலையில் வைக்கப்படும் 60க்கு மேற்பட்ட பெயர்-மறைச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். 'அட்மின் – அட்மின்' மாதிரி. யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

இதனால்தான் விதிமுறைகள் இறுக்கப்பட்டன. 2021 ஏப்ரல் 13 முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் வீட்டு ரவுட்டர்கள் குறைந்தபட்சப் பாதுகாப்புத் தரத்தை எட்ட வேண்டும். எல்லாக் கருவிக்கும் ஒரே மறைச்சொல் வைத்து விற்க முடியாது. இணையப் பாதுகாப்பு அமைப்பின் முத்திரைத் திட்டத்தில் 1 முதல் 4 வரை நிலைகள் உண்டு. வாங்கும்போது பெட்டியில் அந்த முத்திரையைப் பாருங்கள். நிலை கூடக்கூடச் சோதனையும் கூடும்.

சரி, அதற்கு முன்னால் வாங்கிய ரவுட்டர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால்? அதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

எட்டு எண், பெரிய ஓட்டை

உங்கள் வீட்டு வைஃபை மறைச்சொல் என்ன? அப்பாவின் கைத்தொலைபேசி எண்ணா? பல வீடுகளில் அதுதான். வைஃபை மறைச்சொல் குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும். நம் ஊர்க் கைத்தொலைபேசி எண்ணும் சரியாக 8 இலக்கம். வசதியாகப் பொருந்திவிடுகிறது!

சிக்கல் இதுதான். வீவக வீட்டில் வைஃபை அலை சுவரைத் தாண்டித் தாழ்வாரம்வரை போகும். உங்கள் கைத்தொலைபேசி ரவுட்டருடன் இணையும் அந்தச் சில நொடிப் பரிமாற்றத்தை ஒருவர் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டால் போதும். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஒவ்வொரு மறைச்சொல்லாகப் பொருத்திப் பார்க்கலாம். 8 அல்லது 9இல் தொடங்கும் 8 இலக்க எண்கள் மொத்தமே 20 மில்லியன்தான். விளையாட்டுக்கு வாங்கிய நல்ல கணினி ஒன்று சில நிமிடங்களில் முடித்துவிடும்.

'டபிள்யூபிஏ3' என்ற புதிய முறை 2018இல் வந்தது. இப்படி வீட்டுக்கு எடுத்துச்சென்று ஊகிப்பதை அது தடுக்கிறது. 'டபிள்யூபிஏ2' மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, மறைச்சொல் நீளமாக இருக்கட்டும்.

"யாராவது என் வைஃபையில நாடகம் பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடலாமா? அவர் நாடகம் மட்டும் பார்ப்பார் என்று என்ன நிச்சயம்? உள்ளே வந்தவரால் உங்கள் கேமரா, அச்சுப்பொறி, தொலைக்காட்சியையும் எட்ட முடியும். அவர் செய்வதெல்லாம் உங்கள் முகவரியில் பதிவாகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அனுமதியில்லாமல் பக்கத்து வீட்டு வைஃபையைப் பயன்படுத்துவது சிங்கப்பூரில் குற்றம். 2007இல் 17 வயது இளையர் ஒருவருக்கு அதற்காக 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

வீட்டில் 15 நிமிடம் ஒதுக்குங்கள்

1. ரவுட்டரின் செயலியைத் திறங்கள். செயலி இல்லையா? ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் முகவரி இருக்கும்.

2. மறைச்சொல் இரண்டு உண்டு. ஒன்று வைஃபையில் இணைய. இன்னொன்று ரவுட்டரின் அமைப்புகளை மாற்ற. பலர் முதலாவதை மட்டும் மாற்றுவார்கள். மிராய் தேடியது இரண்டாவதை. இரண்டையும் மாற்றுங்கள், வெவ்வேறாக வையுங்கள்.

3. வைஃபை மறைச்சொல்லுக்குச் சம்பந்தமே இல்லாத நாலு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முறுக்கு, குடை, லிஃப்ட், நிலா என்பதுபோல. (இதையே வைக்காதீர்கள், எல்லாரும் படிச்சாச்சு!)

4. மென்பொருள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை முடுக்குங்கள். தயாரிப்பாளர் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டாரா? ரவுட்டரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழையதைப் பாட்டி வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

5. விருந்தினருக்கென்று தனி வைஃபை அமையுங்கள். தீபாவளிக்கு வரும் மாமா, அத்தை, அவர்களுடைய பிள்ளைகள் எல்லாருக்கும் அதன் மறைச்சொல்லைக் கொடுங்கள். இணையக் கேமரா, 'ஸ்மார்ட்' விளக்கு போன்றவற்றையும் அதிலேயே போடலாம். அவற்றில் கிருமி புகுந்தாலும் உங்கள் மடிக்கணினியை எட்டுவது கடினம்.

6. வெளியூரிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதி தேவையில்லை என்றால் அணையுங்கள்.

7. இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். அடையாளம் தெரியாதது இருந்தால், மறைச்சொல்லை மாற்றினால் அது வெளியே போய்விடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்?

போலிப் பக்கத்தில் மறைச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்களா? வைஃபையை அணையுங்கள். சொந்தத் தரவில் அந்தக் கணக்கின் மறைச்சொல்லை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் தெரிவைத் தட்டுங்கள். அதே மறைச்சொல் வேறெங்கும் இருந்தால் அங்கேயும் மாற்றுங்கள்.

வங்கி விவரம் போய்விட்டது என்றால் தாமதம் வேண்டாம். வங்கியை அழையுங்கள். கணக்கை நீங்களே உடனே முடக்கும் அவசர வசதியும் உண்டு. பணம் போயிருந்தால் காவல்துறையில் புகார் செய்யுங்கள். மோசடியா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

அடுத்த முறை காப்பிக் கடையில் வைஃபை பெயரைப் பார்த்துத் தயங்கினால், அந்தத் தயக்கம் நல்லதுதான். இன்று வீட்டுக்குப் போனதும் அதில் கொஞ்சத்தை அலமாரி மேல் இருக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒதுக்குங்கள். வாங்கியதிலிருந்து நீங்கள் அதைத் தொட்டதே இல்லை, சரிதானே?