கணக்குக் காட்டு! - தகவல் உரிமை வந்த கதை

சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார், பிறகுதான் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார். மதகடிப்பட்டு செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு வருகிற எந்த விவசாயியும் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. ஆனால் அதே விவசாயியின் வரிப்பணத்தில் போட்ட சாலைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் போனது என்று கேட்டுப் பார்க்க, 2005 வரை நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் எதுவும் நடைமுறையில் இல்லை. அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

கல்லில் வெட்டிய கணக்கு

மதகடிப்பட்டில் ராஜராஜ சோழன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் இருக்கிறது. பக்கத்தில் திருவாண்டார்கோயில், திருபுவனை, தெற்கே பாகூர். இந்தப் பழைய கோயில்களின் கல்வெட்டுகளில் பெரும்பகுதி நிலம், தானம், வரி பற்றிய அரசு ஆவணங்கள்தான். எல்லோரும் நடமாடும் இடத்தில் அவற்றை வெட்டி வைத்தார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் எழுதப்பட்ட ஊர்ச்சபை விதிகள் அவை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி பதவிக்கு வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது என்பது அதில் ஒரு விதி. ஆனால் சபையில் இடம் பெற நிலம், வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். வயலில் வேலை செய்தவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது, ஆனால் சிலருக்கு மட்டும்.

பிரெஞ்சுக்காரர் எழுதியது, ஆங்கிலேயர் பூட்டியது

1766-ல் ஸ்வீடன் நாடு அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் செய்தது. உலகில் இதுவே முதல் சட்டம். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனம் வந்தது. அதன் 15-வது பிரிவு, எந்த அரசு அதிகாரியிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமுதாயத்துக்கு உண்டு என்கிறது. அதே பிரான்ஸ் 1954 வரை புதுச்சேரியை ஆண்டது. வில்லியனூரிலும் பாகூரிலும் ஏர் பிடித்தவருக்கு அந்தப் பிரிவால் பெரிய பயன் ஏதும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஆங்கிலேய இந்தியாவில் நிலைமை நேர் எதிர். 1923-ல் அலுவலக ரகசியச் சட்டம் வந்தது. ஒற்றர்களைப் பிடிக்க வந்த சட்டம், அலுவலகங்களில் எல்லாக் கோப்பையும் மூடி வைக்கும் பழக்கத்துக்குத் துணையானது. வெள்ளைக்காரன் போன பிறகும் சட்டம் போகவில்லை. 1975-ல் ராஜ் நாராயண் வழக்கில், பொது அதிகாரிகள் பொதுவில் செய்யும் ஒவ்வொன்றையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கே.கே. மாத்யூ எழுதினார். தீர்ப்பு வந்தது, கோப்பு திறக்கவில்லை.

கூலி கேட்டவர்கள் திறந்த கதவு

கோப்பைத் திறக்க வைத்தவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். சென்னையில் பிறந்த அருணா ராய் 1968-ல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, 1974-ல் விலகி ராஜஸ்தான் கிராமத்துக்குப் போனவர். அவரும் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

அவர்களின் முதல் பிரச்சினை கூலி. வறட்சி நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீங்கள் வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்ற பதில். சரி, பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது ரகசியம். இங்கேதான் கூலிப் போராட்டம் தகவல் போராட்டமாக மாறியது.

1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் பொது விசாரணை நடந்தது. கையில் கிடைத்த மஸ்டர் ரோல்களையும் பில்களையும் ஊர் மக்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். இப்படி நடந்த விசாரணைகளில், வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்ததும், முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கில் இருந்ததும் வெளியே வந்தன. தணிக்கையாளர் காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுவார். ஊர் மக்களோ காகிதத்தைக் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டார்கள். பொய்க் கணக்கு அங்கே தப்ப முடியவில்லை.

ஆவணங்களின் நகல் தரப்படும் என்று 1995 ஏப்ரலில் ராஜஸ்தான் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு வருடம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதே கோஷம். அடுத்த ஆண்டு ஜெய்ப்பூரில் 53 நாள்.

இதற்கிடையில் 1997-ல், இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் செய்தது. பெருமைதான். ஆனால் விதிவிலக்குகள் ஏராளம், பயன்படுத்தியவர்கள் குறைவு. மத்தியில் 2002-ல் நிறைவேறிய சட்டம் அமலுக்கே வரவில்லை. கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

பத்து ரூபாய் மனு

மத்திய அரசு விதிப்படி கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு இலவசம். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அதிகாரிக்கு அனுமதி இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் பற்றியது என்றால் 48 மணி நேரத்தில். காரணமில்லாமல் தாமதித்தால் அந்த அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

இதில் புதுச்சேரிக்கு ஒரு தனிக்கதை உண்டு. மதகடிப்பட்டிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே போனால் விழுப்புரம் மாவட்டம். அங்குள்ள ஊராட்சி பதில் தரவில்லை என்றால் இரண்டாவது மேல்முறையீடு சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. யூனியன் பிரதேசமான மதகடிப்பட்டில் இருப்பவரின் மேல்முறையீடு போவது டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு! காணொளி விசாரணை இருப்பதால் ரயில் ஏற வேண்டியதில்லை என்பது ஆறுதல்.

இன்னொன்றும் உண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது, 38 ஆண்டு இடைவெளி. 2011-ல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகும் பத்தாண்டுக்கு மேல் தேர்தலே இல்லாமல் ஓடியது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்க வார்டு உறுப்பினர் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்தை அதிகாரிகளே நடத்தினார்கள். அப்படிப்பட்ட ஊரில் இந்தப் பத்து ரூபாய் மனுதான் கிராம சபை.

மறுபடியும் பூட்டா?

2019-ல் வந்த திருத்தம், ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடம் கொடுத்தது. ஐந்தாண்டுப் பதவி மூன்றாண்டானது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலை மறுப்பதற்கான பிரிவை விரிவாக்கியது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் பெயர் இருக்கும் பட்டியல் எல்லாமே தனிநபர் தகவல் என்று சொல்லிவிட முடியும் என்பது தகவல் உரிமை இயக்கத்தினரின் அச்சம். யோசித்துப் பாருங்கள், கோட் கிரானாவில் உரக்கப் படித்தது பெயர்ப் பட்டியலைத்தான். பெயர் இல்லாத மஸ்டர் ரோலில் எந்தத் திருட்டைக் கண்டுபிடிப்பது?

கல்லில் வெட்டிய விதி ஆயிரம் ஆண்டு நின்றது. காகிதத்தில் இருக்கும் சட்டம் பயன்படுத்தினால்தான் நிற்கும். உங்கள் தெருவில் புதிதாகப் போட்ட சாலை ஒரு மழையில் பெயர்ந்து போயிருக்கிறதா? ஒரு வெள்ளைத் தாளும் பத்து ரூபாயும் எடுங்கள்!