கிட் லென்ஸைத் தாண்டி அடுத்து என்ன? மிட்-ரேஞ்ச் டி.எஸ்.எல்.ஆர் வாங்கும் முன் ஒரு கைடு

முதல் கேமரா பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வீட்டுக்கு வருகிறது. முதல் சம்பளத்தில் வாங்கியிருப்போம், இல்லாவிட்டால் அப்பாவிடம் ஆறு மாதம் கெஞ்சி வாங்கியிருப்போம். ஒரு கேனன் 1500டி அல்லது நிக்கான் டி3500, கூடவே 18-55 கிட் லென்ஸ், ஒரு கறுப்புப் பை. இரண்டு மூன்று வருடங்களில் ஆட்டோ மோடிலிருந்து மேனுவலுக்கு வந்துவிடுவோம். ரா ஃபைலில் எடுத்து எடிட் பண்ணவும் பழகிவிடுவோம். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "இந்த கேமரா பத்தல... அடுத்து என்ன வாங்கலாம்?"

யூடியூபில் தேடினால் பத்து வீடியோ, பத்துப் பதில். ஆனால், போகப்போவது நம்ம காசு. பலருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். சிலருக்கு ஒரு வருட இ.எம்.ஐ. தப்பான பொருளில் போட்டுவிட்டால், புது கேமராவில் அதே பழைய போட்டோதான் வரும். அதனால் எந்த மாடல் என்பதற்கு முன்னால், 'எந்தப் போட்டோ எனக்குச் சொதப்புது?' என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிப்போம்.

கடைசி 200 போட்டோவைப் பாருங்க

லேப்டாப்பில் உங்கள் கடைசி 200 போட்டோக்களைத் திறந்து வையுங்கள். டெலீட் பண்ண நினைத்தவற்றையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு போட்டோவின் விவரத்திலும் ஃபோக்கல் லென்த், அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐ.எஸ்.ஓ நான்கும் பதிவாகியிருக்கும். சொதப்பியவற்றை மட்டும் எடுத்து, காரணத்தை எழுதிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் நான்கு காரணங்களுக்குள் அடங்கிவிடும்.

ஒன்று, வெளிச்சம் பத்தாமல் புள்ளி புள்ளியாக நாய்ஸ் விழுந்தது. இரண்டு, கை ஆடியோ ஆள் நகர்ந்தோ போட்டோ கலங்கியது. மூன்று, எடுக்க வேண்டியது தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. நான்கு, ஃபோகஸ் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது, அல்லது சரியான நொடி தவறிப்போனது.

இதில் முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் பாடி காரணமில்லை. நான்காவதுதான் பாடியின் வேலை. உங்கள் லிஸ்ட்டில் எது அதிகம் என்பதுதான் உங்கள் ஷாப்பிங் லிஸ்ட்.

இருட்டுதான் பிரச்னைன்னா, லென்ஸ் மாத்துங்க

18-55 கிட் லென்ஸை 55 மி.மீ வரை ஜூம் செய்தால், அப்பர்ச்சர் எஃப் 5.6-க்குக் கீழே இறங்காது. அதே இடத்தில் 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால், கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கல்யாண மண்டபத்தில் ஐ.எஸ்.ஓ 6400, ஷட்டர் 1/30 என்று திணறிய ஷாட்டை, ஐ.எஸ்.ஓ 1600, ஷட்டர் 1/80-ல் எடுக்கலாம். நாய்ஸும் குறையும், கலங்கலும் குறையும். கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு அடுத்த லெவல் ஏ.பி.எஸ்-சி பாடி வாங்கினால் இந்த அளவு வித்தியாசம் கிடைக்காது.

கேனன் என்றால் 50 மி.மீ எஃப் 1.8 எஸ்.டி.எம், நிக்கான் என்றால் 50 மி.மீ எஃப் 1.8ஜி அல்லது 35 மி.மீ எஃப் 1.8ஜி டி.எக்ஸ். நம்மிடம் இருப்பது ஏ.பி.எஸ்-சி சென்சார் என்பதால், 50 மி.மீ லென்ஸ் கேனனில் 80 மி.மீ மாதிரியும் நிக்கானில் 75 மி.மீ மாதிரியும் தெரியும். போர்ட்ரெய்ட்டுக்கு சூப்பர். ஆனால், சின்ன ஹாலில் குடும்பமே நிற்கும் குரூப் போட்டோவுக்கு முதுகு சுவரில் முட்டும். வீட்டுக்குள் அதிகம் எடுப்பவர்களுக்கு 35 மி.மீ வசதி.

ஒரு எச்சரிக்கை: நிக்கானில் பெயர் முடிவில் 'டி' இருக்கும் பழைய 50 மி.மீ எஃப் 1.8டி லென்ஸ் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதற்குள் மோட்டார் கிடையாது. டி3500, டி5600 பாடிகளிலும் மோட்டார் இல்லை. ஆகவே ஆட்டோ ஃபோகஸே வேலை செய்யாது.

கோபுரம், மலை, நைட் ரோடு என்று அசையாத விஷயங்களை எடுப்பவர்களுக்கு லென்ஸ்கூட வேண்டாம். ஆட்டம் காணாத ஒரு டிரைபாட் போதும். விசேஷ வீடுகளில் எடுப்பவர்களுக்கு, மேற்கூரையில் அடித்து வெளிச்சத்தைப் பரப்பும் ஒரு ஃப்ளாஷ் கைகொடுக்கும். தூரம்தான் பிரச்னை என்றால் டெலி லென்ஸ். வேடந்தாங்கலில் கூழைக்கடாவை 55 மி.மீ-ல் எடுத்தால், எந்த பாடியாக இருந்தாலும் அது வெள்ளைப் புள்ளிதான்.

எப்போ பாடி மாத்தலாம்?

இப்போது நான்காவது காரணத்துக்கு வருவோம். நாரை பறந்து வருகிறது, கபடி வீரர் பாய்கிறார், உறியடியில் பானை உடைகிறது. நீங்கள் பட்டனை அழுத்துகிறீர்கள். கேமரா ஃபோகஸைத் தேடிக்கொண்டே இருக்கிறது. இங்கேதான் என்ட்ரி லெவல் பாடி கைவிரிக்கும்.

கேனன் 1500டி-யில் ஃபோகஸ் பாயின்ட் மொத்தம் 9. அதில் நடுவில் உள்ள ஒன்று மட்டும்தான் கிராஸ் டைப், அதாவது குறுக்குக்கோடு, நெடுக்குக்கோடு இரண்டையும் பார்த்து ஃபோகஸ் செய்யக்கூடியது. நொடிக்கு 3 ஃபிரேம்தான் ஓடும். 2016-ல் வந்த கேனன் 80டி-யில் 45 பாயின்ட், லென்ஸைப் பொறுத்து 45-ம் கிராஸ் டைப்பாக வேலை செய்யும். நொடிக்கு 7 ஃபிரேம். 2019-ல் வந்த 90டி, 32.5 மெகாபிக்சலோடு நொடிக்கு 10 ஃபிரேம் ஓடுகிறது.

நிக்கான் பக்கம், 2015-ல் வந்த டி7200-ல் 51 பாயின்ட், நொடிக்கு 6 ஃபிரேம், இரண்டு மெமரி கார்டு ஸ்லாட். 2017-ல் வந்த டி7500-லும் 51 பாயின்ட்தான். ஆனால், நொடிக்கு 8 ஃபிரேம், 4கே வீடியோ உண்டு. கார்டு ஸ்லாட் மட்டும் ஒன்றாகக் குறைந்துவிட்டது. இரண்டிலுமே பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. மேலே சொன்ன அந்தப் பழைய 'டி' லென்ஸ்கள் இதில் ஆட்டோ ஃபோகஸ் ஆகும்.

ஸ்பெக் ஷீட்டில் கண்ணில் படாத, கையில் எடுத்தால் புரியும் வித்தியாசங்களும் உண்டு. மிட்-ரேஞ்ச் பாடியில் இரண்டு டயல் இருப்பதால், ஷட்டரை ஒரு விரலிலும் அப்பர்ச்சரை இன்னொரு விரலிலும் மாற்றலாம். வியூஃபைண்டர் கண்ணாடிப் பட்டகத்தால் ஆனது; பெரிதாக, பளிச்சென்று தெரியும். லென்ஸ் கொஞ்சம் முன்னே பின்னே ஃபோகஸ் செய்தால், மெனுவிலேயே சரிசெய்யும் வசதி இருக்கும். எதிர்ப்பக்கம், எடை. 1500டி 475 கிராம், 80டி 730 கிராம். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும்போது அந்தக் கால் கிலோ தெரியும்.

மெகாபிக்சலுக்காக மட்டும் மாற்ற வேண்டாம். 24 மெகாபிக்சல் போட்டோ 6000 பிக்சல் அகலம். 32.5 மெகாபிக்சல் என்பது 6960 பிக்சல். அகலத்தில் 16 சதவிகிதம்தான் கூடுதல். 24 மெகாபிக்சலே 20 அங்குல அகலத்துக்கு நல்ல பிரின்ட் தரும். இன்ஸ்டாகிராமுக்கு என்றால், சொல்லவே வேண்டாம்.

ஃபுல் ஃபிரேம் ஆசை இருக்கா?

செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி750, கேனன் 6டி மார்க் 2 மாதிரி ஃபுல் ஃபிரேம் பாடிகள் ஆசை காட்டும். இருட்டில் இவை நிஜமாகவே கெட்டி. ஆனால், உங்கள் பழைய லென்ஸ்கள் என்ன ஆகும் என்று பாருங்கள். கேனனின் இ.எஃப்-எஸ் லென்ஸ்கள் 6டி மார்க் 2-ல் மாட்டவே மாட்டாது. நிக்கானின் டி.எக்ஸ் லென்ஸ்கள் டி750-ல் மாட்டும். ஆனால், சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவதால் 24 மெகாபிக்சல் சுமார் 10-ஆகச் சுருங்கிவிடும். ஆக, பாடி விலையோடு லென்ஸ் விலையையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும்.

டி.எஸ்.எல்.ஆர் காலம் முடிஞ்சுபோச்சா?

புது மாடல்களைப் பொறுத்தவரை, ஆமாம் என்றே சொல்லலாம். கேனனும் நிக்கானும் கடைசியாகப் புது டி.எஸ்.எல்.ஆர் மாடல்களை அறிமுகப்படுத்தியது 2020-ல். அதன்பின் இரு நிறுவனங்களின் கவனமும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. இனி புது டி.எஸ்.எல்.ஆர் லென்ஸ்களை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

மிரர்லெஸ்ஸுக்கு நியாயமான பலமும் இருக்கிறது. சென்சாரே ஃபோகஸ் செய்வதால் ஃபிரேமின் ஓரம் வரை கண்ணைத் தேடிப் பிடிக்கும். 2022-ல் வந்த கேனன் ஆர்10, 429 கிராம் எடையில் மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 ஃபிரேம் ஓடுகிறது. டி.எஸ்.எல்.ஆரின் பலம் பேட்டரியும் செகண்ட் ஹேண்ட் விலையும். டி7500 ஒரு சார்ஜில் 950 ஷாட் என்கிறது நிக்கான்; அதே நிறுவனத்தின் மிரர்லெஸ் இசட்50-க்கு அது 300 சுற்றில்தான். பலரும் மிரர்லெஸ்ஸுக்குத் தாவுவதால், நல்ல டி.எஸ்.எல்.ஆர் பாடிகளும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன.

அப்போ என்ன செய்யலாம்? கையில் இரண்டு மூன்று நல்ல லென்ஸ் ஏற்கெனவே இருந்து, பிரச்னை ஃபோகஸும் வேகமும் என்றால், அதே பிராண்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் மிட்-ரேஞ்ச் டி.எஸ்.எல்.ஆர் நல்ல முடிவு. கையில் கிட் லென்ஸ் மட்டும்தான், இனிமேல்தான் எல்லாமே வாங்கணும் என்றால், புது டி.எஸ்.எல்.ஆருக்கு முழு விலை கொடுப்பதைவிட மிரர்லெஸ்ஸில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். கேனன் லென்ஸ்களை அடாப்டர் போட்டு ஆர் சீரிஸில் பயன்படுத்தலாம். நிக்கானிலும் எஃப்.டி.இசட் அடாப்டர் உண்டு. ஆனால், மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள் அதில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

* ஷட்டர் கவுன்ட் கேளுங்கள். பைக்குக் கிலோமீட்டர் மாதிரி. 80டி-யின் ஷட்டர் 1 லட்சம் கிளிக் வரையும், டி7500-ன் ஷட்டர் 1.5 லட்சம் வரையும் சோதிக்கப்பட்டவை. நிக்கானில் போட்டோ ஃபைலிலேயே இந்த எண் இருக்கும். கேனனில் பெரும்பாலும் தனி சாஃப்ட்வேர் தேவைப்படும்.

* அப்பர்ச்சரை எஃப் 16-ல் வைத்து, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். லேப்டாப்பில் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள தூசி, கீறல் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறல் என்றால் நடையைக் கட்டுங்கள்.

* லென்ஸுக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் அது ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது சகஜம். விலை குறைத்தாலும் வேண்டாம்.

* சொந்த மெமரி கார்டு கொண்டு போய், எல்லா பட்டன், டயல், ஃப்ளாஷ், ஆட்டோ ஃபோகஸ் அனைத்தையும் சோதியுங்கள்.

* ஒரிஜினல் பில்லையும் பாடியின் சீரியல் நம்பரையும் ஒப்பிடுங்கள். பில் இல்லாத கேமரா திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். புதிதாக வாங்கினாலும் ஜி.எஸ்.டி பில், இந்திய வாரன்டி கார்டு இரண்டும் கட்டாயம்.

* அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

முழு பில் எவ்வளவு?

பாடி விலை மட்டும் பட்ஜெட் இல்லை. வேகமான மெமரி கார்டு, எக்ஸ்ட்ரா பேட்டரி, சிலிக்கா ஜெல் போட்டு வைக்க காற்றுப்புகாத டப்பா அல்லது டிரை பாக்ஸ், பெரிய ரா ஃபைல்களுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்ந்ததுதான் நிஜமான விலை. பழைய பாடியை விற்கும் காசை இதற்கு ஒதுக்கலாம்.

இன்னும் குழப்பமாக இருந்தால், வாங்கும் முன் வாடகைக்கு எடுங்கள். பெரிய ஊர்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. சனிக்கிழமை உங்கள் பழைய பாடியில் நல்ல லென்ஸை மாட்டி எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாடகை பாடியில் உங்கள் பழைய லென்ஸை மாட்டி, அதே இடத்தில், அதே நேரத்தில் எடுங்கள். இரண்டு நாள் போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்க.