கண்டி வாளின் பிடியில் சிங்கமும் மகரமும்

யப்பான் தேசத்து வீரர் தம் வாளின் கைகாப்பிலும் பிடியிலும் தும்பியையும் கடல்நாகத்தையும் மூங்கிலையும் பொறித்து மகிழ்ந்தனர். தும்பி பின்வாங்கிப் பறவாது என்பது அவர்தம் எண்ணம். ஆதலின் அதனை வெற்றிப் பூச்சி என்றே அழைத்தனர். 1876ஆம் ஆண்டில் வாள் தரித்தலை அரசு தடைசெய்தபின் அக்கைகாப்புகள் கலைப்பொருளாய் உலகெங்கும் விலைபோயின. அவற்றை ஆராய்ந்து மேனாட்டார் எழுதிய நூல்கள் பல. நாம் வாழும் இம்மலைநகரின் வாளைப் பற்றி நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

கண்டி வாளுக்குக் கஸ்தானை என்று பெயர். குறுகிச் சற்றே வளைந்த அலகு உடையது. அவ்வலகு பலவேளை ஐரோப்பாவிலிருந்து வந்ததே. ஒல்லாந்தக் கும்பனியின் முத்திரை கொண்டவையும் உள. நம் நாட்டுக் கம்மாளர் தம் திறமெல்லாம் காட்டியது பிடியில். உச்சியிலே வாய் பிளந்த சிங்கத் தலை. கைகாப்பின் நுனிகளில் சிறு சிறு விலங்குத் தலைகள். சிங்கள மக்கள் இவற்றைச் செரபெந்தியா என்பர். இடையெங்கும் லியவெல என்னும் பூங்கொடி படரும். இக்கொடி எந்தத் தோட்டத்திலும் முளைத்ததன்று. குலவழக்காய்க் கைக்கு வந்த வடிவம் அது. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி கண்டிப் பகுதிக் கிராமங்களிற் சுற்றி, இத்தகைய வடிவங்களைத் தேடித் தொகுத்து 1908இல் பெருநூலாக வெளியிட்டார். அவர் அன்று எழுதாதிருந்தால் பல வடிவங்களின் பெயர்கூட நமக்கு எஞ்சியிராது.

அரசன் பிரதானிகளுக்குப் பதவிச் சின்னமாக வழங்கிய வாள் இது. பகைவனை வெட்டியதிலும் சபையிலே விளங்கியதே மிகுதி எனலாம். ஆகவே பிடியிலுள்ள விலங்குகள் அச்சுறுத்த வந்தவை அல்ல, காவல் நிற்பவை என்பது எம் துணிபு. நம் கோயில்களுக்குச் சென்று திருவாசியைப் பாருங்கள்! இரு அடியிலும் வாய் பிளந்து நிற்பது மகரம். விகாரை வாயிலின் மகர தோரணத்திலும் அதுவே நிற்கிறது. செரபெந்தியாவை உற்றுநோக்கினால் நம் யாளியின் சாயல் புலப்படும். கதிர்காமக் கடவுளுக்குரிய எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களிலே இருதலைப் பறவையும், யானையோடு பொரும் சிங்கமும், தாமரையும் உள்ளன. அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரையை 1344இல் அமைத்தவர் கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பி. அப்பால் 1739 முதல் 1815 வரை நாயக்க அரசரே கண்டியில் முடிசூடினர். இவ்விலங்குகள் கடலைப் பலமுறை கடந்தவை.

தேசியக் கொடியின் சிங்கம் ஏந்தியிருப்பதும் கஸ்தானையே. அச்சிங்கத்தைக் கண்டு மனம் ஒதுங்கும் இளைஞர் நம்மிடையே உண்டு. அதற்கான காரணங்களை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதன் கையிலுள்ள வாளின் பிடியில் நமக்கு அந்நியமான விலங்கு ஒன்றேனும் உண்டா?

1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடிக் கொண்டுபோனவற்றுள் பொன் கஸ்தானை ஒன்றும் வெள்ளிக் கஸ்தானை ஒன்றும் இருந்தன. அவை 2023இல் நெதர்லாந்திலிருந்து மீண்டு கொழும்பு தேசிய நூதனசாலையைச் சேர்ந்தன. உடன் வந்தது லேவுகே திசாவை அரசனுக்குக் காணிக்கை செய்த பீரங்கி. அதன் குழலிலே சூரியனும் பிறையும் சிங்கமும் பொறிக்கப்பட்டுள்ளன.