முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே

அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த நாளிலேயே என் இடக்கண் போய்விட்டது. உதவித்தொகைக்கு ஊனச் சான்றிதழ் கேட்டுப் போனேன். மருத்துவர் எழுதியது 30 சதவீதம். வேண்டியதோ 40. "வலக்கண்ணு நல்லாத்தானே இருக்கு, பெரியவரே?" என்றார்.

அந்த 40 புதிதல்ல. 1995-இன் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகை ஊனங்களைச் சொன்னது. பார்வையின்மையும் குறைபார்வையும் அதில் தனித்தனி. கோடு 40-இல் விழுந்தது. 2016 சட்டம் ஏழை இருபத்தொன்றாக்கியது. கோடு மட்டும் நகரவில்லை.

பார்வையை அளப்பது 1862-இல் டச்சு மருத்துவர் ஸ்னெல்லன் உருவாக்கிய எழுத்துப் பலகையை வைத்து. 6/18 என்றால், நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை நாம் 6 மீட்டரில்தான் படிக்கிறோம் என்று பொருள். கண்ணாடி போட்டும் அதைத் தாண்டாவிட்டால் குறைபார்வை. அதுவும் இரண்டில் எது தேவலையோ அந்தக் கண்ணைத்தான் சட்டம் பார்க்கும். தலைகீழ் எழுத்தையே படித்துப் பழகிய எனக்கு அந்தப் பலகை எம்மாத்திரம்! கடைசி வரி வரை ஒப்பித்துவிட்டேன். மாடிப்படியின் ஆழம்தான் இன்றும் தெரிவதில்லை; அதை யாரும் கேட்கவில்லை.

போன மாதம் வலக்கண்ணிலும் புரை என்றார்கள். அறுவை செய்தால் சரியாகிவிடுமாம். ஆக, மறுபடியும் 30-தான்.