பொப்லர் நகரசபையும் வரி நீதியும்

உள்ளூராட்சி வரியின் நீதி, அதன் வீதத்தில் மட்டுமன்றி, அது அறவிடப்படும் எல்லையிலும் தங்கியுள்ளது. கிழக்கு இலண்டனின் பொப்லர் இதற்குச் சான்று பகர்கின்றது. துறைமுகத் தொழிலாளர் நிறைந்த அப்பகுதியில் வறியோர் நிவாரணச் செலவின் பெரும்பகுதியை அவ்வூர் ஆதனவரியே தாங்கியது. வறியோர் மிகுந்தவிடத்து ஆதனங்களின் மதிப்புக் குறைவு. எனவே வரிவீதம் உயர்ந்தது. செல்வர் வாழ்ந்த மேற்கு இலண்டனில் நிலைமை இதற்கு மறுதலையாயிருந்தது.

1921இல் வேலையின்மை பெருகியபோது, ஜோர்ஜ் லான்ஸ்பரி முதலியோர் வழிநடத்திய நகரசபை, இலண்டன் கவுண்டி சபை முதலியவற்றுக்குரிய வரிப்பங்கை அறவிட்டுச் செலுத்த மறுத்தது. நீதிமன்றக் கட்டளைக்குப் பணியாத 30 உறுப்பினர் செப்தெம்பரில் சிறை சென்று, ஏறத்தாழ ஆறு வாரங்களின்பின் விடுதலையாயினர். நவம்பரில் நிறைவேறிய சட்டம் நிவாரணச் செலவின் பெரும்பகுதியை இலண்டன் முழுவதற்கும் பொதுவாக்கியது. வறுமையை ஓர் ஊரின் எல்லைக்குள் அடைத்து, அவ்வூரவரையே அதற்கு விலை கொடுக்கச் செய்தல் முறையன்று என்பது இவ்வாறு சட்டமாயிற்று.