கடைசி வளைவுக்கு முன் விலகுகிறவர்

1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் பஃபலோ நகரில் பெண்களுக்கான முதல் தேசிய சைக்கிள் சாம்பியன் பட்டத்தை வென்றவர் டோரிஸ் கோப்ஸ்கி. நியூ ஜெர்சிக்காரர். அவருடைய அப்பா ஜோசப் கோப்ஸ்கி 1912 ஒலிம்பிக்கில் சைக்கிள் அணிப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். பந்தயம் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் புதிதல்ல. ஆனால் பட்டத்துக்காக அவருக்கு ஓட்டக் கிடைத்த தூரம் ஒரே ஒரு மைல்.

ஒரு மைலில் என்ன செய்ய முடியும்? தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கலாம், அவ்வளவுதான். ஒருவர் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர் பின்னால் மூச்சைச் சேமிக்க, மூன்றாமவர் எதிராளியைத் தூண்டிவிட்டுக் களைக்க வைக்க, அந்தத் தூரத்தில் இடமே இல்லை. அணியாக ஓட்டுவதற்கு மூன்று வேண்டும்: தூரம், ஆள்பலம், பணம். பெண்களுக்கு இந்த மூன்றும் நெடுங்காலம் ஒன்றாகக் கிடைக்கவில்லை. கடைசியில் அவை சேர்ந்து கிடைத்த இடங்களில் முக்கியமானது ஊர் நடுவே நாலு தெருவைச் சுற்றிவரும் கிரிட்டீரியம் பந்தயம்.

அதற்கு முன் பெண்கள் நீண்ட தூரம் ஓட்டியதே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1890களில் சிகாகோவில் தையல் வேலை பார்த்த சுவீடன் நாட்டுப் பெண் டில்லி ஆண்டர்சன், உள்ளரங்கப் பலகைத் தடங்களில் நாள்கணக்கில் நீளும் பந்தயங்களில் ஓட்டினார். அவர் காலத்தில் அவரைத் தோற்கடித்தவர்கள் மிகச் சிலர். கூட்டம் திரண்டது, பணமும் புரண்டது. 1902இல் பெண்கள் பந்தயத்துக்கே தடை வந்தது. அதனால்தான் 1937இன் அந்த ஒரு மைலை ஆரம்பம் என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. பறித்ததில் ஒரு துண்டு திரும்பி வந்தது என்பதே சரி.

நியூ ஜெர்சியின் சாமர்வில் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் ஃப்ரெட் குக்ளர். ஊரார் அவரை 'பாப்' என்பார்கள். தன் மகன் ஃபர்மன் சொந்த ஊரில் ஓட்ட வேண்டும் என்று 1940இல் ஒரு பந்தயம் தொடங்கினார். மாநில நெடுஞ்சாலையில் பரிசுக்காகப் பந்தயம் விடச் சட்டம் இடம் தராததால் 'டூர்' என்று பெயர் வைத்தார் என்பது அந்த ஊரில் சொல்லப்படும் கதை. 'டூர் ஆஃப் சாமர்வில்' என்ற அந்தக் கிரிட்டீரியம் இன்றும் அதே பெயரில்தான் நடக்கிறது. முதல் இரண்டு ஆண்டும் ஃபர்மனே வென்றார். 1942இல் வென்றவர் கார்ல் ஆண்டர்சன். இருவரும் இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்தார்கள். ஃபர்மனின் சகோதரி மில்ட்ரெட்டும் தேசிய சாம்பியன். அங்கே நடக்கும் பெண்கள் பந்தயம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிரிட்டீரியம் பார்க்க எளிது. சுற்று ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். நாலைந்து வளைவு. நாற்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ ஓட்டிய பிறகு, 'இன்னும் இத்தனை சுற்று' என்று அட்டை காட்டுவார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும். ஆனால் ஓட்டுபவர்களுக்கு அது எளிதே அல்ல. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், முன்னால் ஒரு வண்டி போனால் அதன் மறைவில் கால் எவ்வளவு லேசாகும் என்று. மறைவில் வருபவருக்கு உழைப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் வளைவுகள் இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். முதல் பத்துப் பேர் பிரேக்கைத் தொடாமலே திரும்பிவிடுவார்கள். நாற்பதாவது ஆள் நெரிசலில் வேகத்தைக் குறைத்து, வளைவு தாண்டியதும் சீட்டைவிட்டு எழுந்து மிதித்து, விட்ட இடைவெளியை ஒட்ட வேண்டும். அடுத்த வளைவிலும் அதே பாடு. சுற்றுக்கு நாலு முறை, முப்பது சுற்றுக்கு நூற்றிருபது முறை. பின்னால் இருப்பவர் இப்படியே தேய்ந்துபோவார்.

ஆக, கிரிட்டீரியத்தில் அணியின் முதல் வேலை தன் ஸ்பிரிண்டரை, அதாவது இறுதிப் பாய்ச்சலில் வல்லவரை, முன்வரிசையில் வைத்துக் காப்பதுதான். இரண்டாவது வேலை எதிரணிகளை ஓய்வெடுக்க விடாமல் பார்த்துக்கொள்வது. ஒருத்தி பாய்ந்து ஓடுவாள், மற்ற அணிகள் துரத்திப் பிடிக்கும். பிடித்து மூச்சு வாங்கும் அதே நொடியில் அவள் தோழி அடுத்த பக்கத்திலிருந்து பாய்வாள். தோழி ஓடித் தப்பிவிட்டால், மீதிப் பேர் கூட்டத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். துரத்த மாட்டார்கள். வளைவில் அரை நொடி மெதுவாகத் திரும்புவார்கள். யாரையும் இடிக்கவில்லை, விதியை மீறவில்லை. ஆனாலும் சுற்றுக்கு இரண்டு நொடி முன்னால் போனவளுக்குச் சேரும். தடுப்புக்கு வெளியே நிற்கும் பார்வையாளருக்கு இது ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். எனக்கென்னவோ இந்தப் பந்தயத்தின் அழகே இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

பணமும் இந்த ஒற்றுமையை வளர்த்தது. பந்தயத்தின் நடுவே திடீரென்று மணி அடித்து, அடுத்த சுற்றில் முதலில் கோட்டைத் தாண்டுபவருக்குத் தனிப் பரிசு என்று அறிவிப்பார்கள். பிரெஞ்சுச் சொல்லான 'பிரீம்' என்பதே இதற்குப் பெயர். உள்ளூர்க் கடைக்காரர் கொடுத்த ஐம்பது டாலராகக்கூட இருக்கும். சம்பளம் என்று ஒன்று இல்லாத பெண்களுக்கு அது பெட்ரோல் செலவு, தங்கும் அறை வாடகை. இந்தக் காசையும் இறுதிப் பரிசையும் ஒன்றாகச் சேர்த்து அணிக்குள் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் கிரிட்டீரியத்தில் ஊறிப்போனது. தோழிக்காக மிதித்தவளுக்கும் கூலி உண்டு என்றானபோதுதான் விட்டுக்கொடுப்பது ஒரு தொழில்முறையாக நிலைத்தது.

பெரிய மேடைகளில் அந்த விட்டுக்கொடுப்பு எளிதில் வரவில்லை. சாலைப் பந்தயத்தில் பெண்களுக்கு உலக சாம்பியன் பட்டம் ஏற்பட்டதே 1958இல்தான். லக்சம்பர்க்கின் எல்ஸி ஜேக்கப்ஸ் அதை வென்றார். ஒலிம்பிக் சாலைப் பந்தயம் பெண்களுக்கு 1984இல்தான் திறந்தது. லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே மிஷன் வியேஹோவில், இறுதிக் கோட்டில் கானி கார்பென்டரும் ரெபெக்கா ட்விக்கும் ஒரே அமெரிக்கச் சீருடையில் ஒருவரையொருவர் எதிர்த்துப் பாய்ந்தார்கள். யாரும் யாருக்காகவும் விலகவில்லை. கடைசி நொடியில் கார்பென்டர் கைகளை நீட்டி, உடலைப் பின்னுக்குத் தள்ளி, வண்டியை மட்டும் முன்னால் எறிவது போலத் தள்ளினார். அரைச் சக்கர அளவில் தங்கம் அவருக்கு. கிரிட்டீரியங்களில் பழகிய ஸ்பிரிண்டரான கணவர் டேவிஸ் ஃபின்னி கற்றுக்கொடுத்த வித்தை அது.

1990களில் அமெரிக்காவில் சாட்டர்ன் கார் நிறுவனத்தின் பெண்கள் அணி கிரிட்டீரியங்களை ஒரு பட்டறை போல நடத்தியது. 'லீட்-அவுட்' என்ற தொடர்வண்டி முறை பெண்கள் பந்தயத்திலும் வேரூன்றியது. கடைசி இரண்டு மூன்று சுற்றில் அணியினர் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டுவார்கள். முதலில் இருப்பவர் யாருமே தாண்டிப்போக முடியாத வேகத்தில் இழுப்பார். கால் எரிந்து ஓய்ந்ததும் ஓரமாக விலகுவார். அடுத்தவர் ஏற்பார். ஸ்பிரிண்டருக்குப் பின்னாலும் ஒருவர் இருப்பார், எதிராளி வந்து ஒட்டிக்கொள்ளாமல் பார்க்க. கடைசி வளைவிலிருந்து கோடு வரை சில நேரம் இருநூறு மீட்டர்கூட இருக்காது. வளைவை முதல் இரண்டு இடத்தில் திரும்புபவருக்கே பெரும்பாலும் வெற்றி. அதனால் உண்மையான சண்டை கோட்டுக்காக அல்ல, அந்த வளைவுக்காக.

இந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் சாட்டர்ன் அணியின் நிக்கோல் ரைன்ஹார்ட், நாலு பந்தயங்கள் கொண்ட தொடரில் முதல் மூன்றையும் வென்றிருந்தார். நான்காவதையும் வென்றால் 2,50,000 டாலர் ஊக்கப் பரிசு. மாசசூசெட்ஸின் ஆர்லிங்டனில் நடந்த அந்த நான்காவது பந்தயத்தில் அவர் வண்டி தடுமாறி, மரத்தில் மோதி இறந்துபோனார். வயது 24. முன்வரிசையில் இருப்பது பாதுகாப்பு என்பது பொதுவாக உண்மை. அன்று அது அவரைக் காக்கவில்லை.

ஐரோப்பாவில் இந்த ஆட்டம் பெரிய திரைக்கு வந்தது 27 ஜூலை 2014 அன்று. டூர் டி பிரான்ஸில் பெண்களுக்கு இடம் கேட்டு முந்தைய ஆண்டு வீராங்கனைகள் மரியான் வாஸ், எம்மா பூலி, கேத்ரின் பெர்டீன், கிரிஸி வெலிங்டன் ஆகியோர் ஒரு மனு எழுதியிருந்தார்கள். அதன் விளைவாக, ஆண்கள் பாரிஸ் வந்து சேரும் நாளில் ஷான்ஸெலிசே வீதியில் 13 சுற்று, சுமார் 90 கிலோமீட்டர் பந்தயம் பெண்களுக்குக் கிடைத்தது. பெயர் 'லா கூர்ஸ்'. அளவில் பெரிது, சுபாவத்தில் கிரிட்டீரியமேதான். மனு எழுதிய வாஸே வென்றார். அடுத்த ஆண்டு மழை. கற்பாவிய சாலையில் பலரும் வழுக்கி விழ, ஸ்பிரிண்ட் அணிகளின் தொடர்வண்டிகள் சிதறின. அந்தக் கலக்கத்தில் ஆனா வான் டெர் பிரெகன் தனியாக நழுவி, பாய்ந்து வரும் கூட்டத்துக்கு மயிரிழை முன்னால் கோட்டைத் தொட்டார். வரிசை குலைந்தால் யார் வேண்டுமானாலும் வெல்லலாம் என்பதை அன்று பாரிஸ் பார்த்தது.

கலிபோர்னியாவின் டஸ்டின் நகரைச் சேர்ந்த கோரின் ரிவேரா சிறுவயதிலிருந்தே கிரிட்டீரியங்களில் வளர்ந்தவர். 2014இல் அமெரிக்காவின் கிரிட்டீரியம் சாம்பியன். குட்டையான உருவம். கூட்டத்தின் இடுக்குகளில் புகுந்து சரியான சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் கண் அவருக்கு உண்டு. 2017இல் சன்வெப் அணியில் சேர்ந்து ஐரோப்பா போனார். ஏப்ரல் 2 அன்று பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயம்: 150 கிலோமீட்டருக்கு மேல், கற்சாலை, மேடு. முடிவு நெருங்கும்போது வலிமையானவர்கள் சிலர் முன்னால் தப்பிவிட்டார்கள். சன்வெப் தோழிகள் கூட்டத்தின் முகப்புக்குப் போய்த் துரத்தலை இழுத்தார்கள். ஆடனார்டே நகருக்குள் இடைவெளி கரைந்தது. சின்னக் கூட்டம் ஒன்றாகக் கோட்டை நோக்கி வந்தபோது ரிவேரா இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார். ஆஸ்திரேலியாவின் கிரேஸி எல்வினும் நெதர்லாந்தின் ஷாந்தால் பிளாக்கும் அவருக்குப் பின்னால். அமெரிக்கர் ஒருவர் அந்தப் பந்தயத்தை வென்றது அதுவே முதல் முறை. அவர் கைகளை உயர்த்தியபோது, துரத்தலை இழுத்துக் கொடுத்தவர்கள் இன்னும் பின்னால் மிதித்து வந்துகொண்டிருந்தார்கள்.